குடியனைத் தேடிய குடியன்

குடியை இகழ்ந்த நீதிநூல்கள் பல. குடியைத் தடைசெய்த சட்டங்களும் பல. ஆயின் குடியினின்றும் மீள விரும்பும் மனிதன் எங்கே போவது, யாருடைய வாசலைத் தட்டுவது என்னும் கேள்விக்கு விடை கூறியோர் மிகச் சிலரே. அவ்விடையைக் கண்டுபிடித்தவர்கள் பாதிரிமார் அல்லர், வைத்தியர்களும் அல்லர். குடித்துக் குடித்து நிலைகெட்டுப்போன சாதாரண மனிதர்களே அதனைக் கண்டனர். ஒருமுறை கண்டு, கைநழுவ விட்டு, நூறாண்டு சென்றபின் மீண்டும் கண்டனர். இன்று உலகின் பல நகரங்களிலே, மாலை வேளைகளில், ஒரு தேவாலயத்தின் கீழறையிலோ பாடசாலை மண்டபத்திலோ பத்துப் பதினைந்து பேர் கூடியமர்ந்து தத்தம் குடியின் கதையை ஒருவருக்கொருவர் கூறிக்கொள்ளும் வழக்கம் உண்டு. அவ்வழக்கத்தின் வரலாறு பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவிலே நிகழ்ந்தது. அந்நாட்டின் பெருமையும் சிறுமையும் அதிலே கலந்து கிடக்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கர் குடித்த அளவு இன்று நம்புதற்கரியது. 1830ஆம் ஆண்டளவில், வயது வந்த ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 7 கலன் சுத்த மதுசாரம் செலவாயிற்று என்று வரலாற்றாய்வாளர் கணக்கிட்டுள்ளனர். இதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. மலைகளுக்கு அப்பால் விளைந்த சோளத்தை நல்ல பாதையில்லாத அக்காலத்தில் தானியமாகச் சந்தைக்குக் கொண்டுவருவது நட்டம். விஸ்கியாக வடித்துப் பீப்பாயிற் கொண்டுவருவது இலாபம். பட்டறைகளிலும் வயல்களிலும் கூலியோடு குடியும் அளந்து கொடுக்கப்பட்டது. இவ்வாறு ஊரெல்லாம் குடிக்கப் பழக்கியபின், பழக்கம் முற்றியவனைப் பாவி என்று ஒதுக்கினர். பெஞ்சமின் றஷ் என்ற பிலடெல்பியா வைத்தியர் 1784ஆம் ஆண்டிலேயே மிதமிஞ்சிய குடியை ஒரு நோயாகக் கருதி எழுதியிருந்தார். அவருடைய குரல் அதிக தூரம் எட்டவில்லை. 1826இல் பொஸ்ரன் நகரில் அமெரிக்க மதுவிலக்குச் சங்கம் தோன்றியபோது, அதன் தலைவர்கள் குடியரை மீட்பதைத் தம் வேலையாகக் கொள்ளவில்லை. குடியாதவர் குடியாதிருந்தாற் போதும். இருக்கின்ற குடியர் விரைவில் மாண்டுபோவர். அதன்பின் நாடு சுத்தமாகிவிடும் என்பது அவர்களின் கணக்கு. இதனைக் கூறுவதற்கு அவர்கள் கூசவுமில்லை.

பால்டிமோருக்குப் போகுமுன் வேறொருவரை நினைவுகூர்வது நியாயம். நியூயோர்க் மாநிலத்தின் மேற்கெல்லையில் வாழ்ந்த செனெக்கா என்ற ஆதிக்குடி மக்கள், வெள்ளையரின் வியாபாரத்தோடு வந்த மதுவினால் நிலத்தையும் ஒழுங்கையும் இழந்துகொண்டிருந்தனர். அவர்களுள் ஹான்ட்சம் லேக் என்று ஆங்கிலத்திற் பெயர்பெற்ற முதியவர், தாமே பெருங் குடிகாரராய்ப் பல காலம் படுக்கையிற் கிடந்தவர், 1799இல் குடியை விட்டெழுந்து தம் மக்களுக்குக் குடியொழிப்பைப் போதித்தார். அவருடைய போதனை இன்றும் அம்மக்களின் நீள்வீடுகளில் ஓதப்படுகின்றது. குடியிலிருந்து மீண்டவனே குடிப்பவனுக்கு வழிகாட்டி என்னும் உண்மை, பட்டணத்து வெள்ளையருக்கு முன்னரே காடிழந்த மக்களுக்கு விளங்கியிருந்தது.

இனிப் பால்டிமோர். 1840 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அந்நகரத்துச் சேஸ் என்பவரின் தவறணையில் ஆறு நண்பர் கூடியிருந்தனர். வில்லியம் மிச்செல் தையற்காரர், ஒருவர் தச்சர், இருவர் கருமான்கள், ஒருவர் கோச்சு வண்டி செய்பவர், ஒருவர் வெள்ளி வேலை செய்பவர். ஆறு பேரும் கைத்தொழிலாளர். ஆறு பேரும் குடியர். நகரிலே மதுவிலக்குப் பிரசங்கமொன்று நடைபெறுவதை அறிந்து, கேட்டுவருமாறு தம்முட் சிலரை அனுப்பினர். வேடிக்கைக்காகவே அனுப்பினர் என்பது வெளிப்படை. போனவர்கள் திரும்பிவந்து, பிரசங்கி சொன்னதில் நியாயம் இருக்கிறதென்றனர். வாதம் முற்றியது. தவறணைக்காரர் குறுக்கிட்டு மதுவிலக்காரை ஏளனம் செய்ய, அப்படிப் பேசுவது உமக்கு இலாபந்தானே என்று ஒருவர் திருப்பிக் கேட்டார். சில தினங்களுக்குள் ஆறு பேரும் இனித் தொடுவதில்லை என்று கையெழுத்திட்டுச் சங்கம் அமைத்தனர். சேர்வதற்கு 25 சதம்; மாதச் சந்தா பன்னிரண்டரைச் சதம். தொடக்கத்தில் அதே தவறணையிலேதான் கூடினர் என்றும், நல்ல வாடிக்கைக்காரர் குறைந்துபோவதைக் கண்ட உரிமையாளரின் மனைவி முறையிட்ட பின்னரே வேறிடம் பார்த்தனர் என்றும் சொல்வர்.

அவர்கள் வகுத்துக்கொண்ட முறை எளிது. பிரசங்கம் கிடையாது, விவாதம் கிடையாது. ஒருவர் எழுந்து, தாம் எவ்வாறு குடித்தார், என்ன இழந்தார், எவ்வாறு விட்டார் என்பதைச் சொல்வார். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு புதிய குடியரை அழைத்து வரவேண்டும். இவ்வளவுதான். அதற்குமுன் மேடையிலிருந்து குடியனைப்பற்றிப் பேசினர். இப்போது குடியன் எழுந்து குடியனோடு பேசினான். ஜோன் ஹோக்கின்ஸ் என்ற தொப்பி செய்யும் தொழிலாளி அவ்வாண்டு ஜூன் மாதத்திற் சேர்ந்தார். தம் சிறு மகளின் வேண்டுதலே தம்மை அவ்விடத்துக்குக் கொண்டுவந்தது என்று அவர் பின்னர் ஊரூராகச் சொல்லிவந்தார். 1841இல் நியூயோர்க்கிலும் பொஸ்ரனிலும் இவ்வியக்கம் தீப்போற் பரவியது. அவ்வாண்டிலேயே பெண்கள் மாதா வாஷிங்டன் சங்கங்களை அமைத்து, குடியரின் குடும்பங்களுக்குத் துணி தைத்துக் கொடுத்தும், குடியிலே வீழ்ந்த பெண்களை மீட்டும் தொண்டாற்றினர்.

அவர்கள் தம் சங்கத்துக்கு வைத்துக்கொண்ட பெயர் வாஷிங்டன் சங்கம். நாட்டின் முதல் ஜனாதிபதியின் பெயர். அந்த வாஷிங்டன் தம் இறுதிக் காலத்தில் பெரிய விஸ்கி வடிசாலையொன்றின் சொந்தக்காரராயிருந்தார் என்பதையும், 1799இல் மட்டும் ஏறக்குறைய 11,000 கலன் அங்கே அடிமைகளின் உழைப்பால் வடிக்கப்பட்டதென்பதையும் அந்த ஆறு தொழிலாளரும் அறிந்திருந்தார்களோ என்னவோ.

1842 பெப்ரவரி 22ஆந் திகதி, ஸ்பிரிங்பீல்ட் நகரத் தேவாலயமொன்றில் இச்சங்கத்தினர் முன் உரையாற்ற இளம் வழக்கறிஞர் ஒருவரை அழைத்தனர். அவர் ஆபிரகாம் லிங்கன். முந்திய மதுவிலக்காளர் தோற்றதற்குக் காரணம், அவர்கள் குடியனோடு குற்றஞ்சாட்டும் மொழியிற் பேசியதே என்றார். அத்துடன் நில்லாது, குடிக்கு அடிமையாகாதோர் ஒழுக்கத்தால் உயர்ந்தவர் என்பதிலும் அவ்வேட்கை இல்லாதவர் என்பதே பொருந்தும் என்ற கருத்தையும் வெளியிட்டார். கேட்டிருந்த ஒழுக்க சீலர்கள் முகஞ்சுளித்தனர் என்று அவருடைய நண்பர் பின்னர் எழுதினார். முகஞ்சுளித்ததில் வியப்பில்லை. குடியனைத் தாழ்த்தி வைத்தாலன்றித் தம் உயரத்தை அளக்க முடியாதவர்கள் எந்நாட்டிலும் உளர்.

இவ்வியக்கத்தின் வாசல் எல்லோருக்கும் திறந்திருந்ததா? பிரடெரிக் டக்ளஸின் வாழ்க்கையைப் படித்தோர் அதற்கு விடை அறிவர். அடிமையாய்ப் பிறந்து தப்பியோடிய டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தம் சரிதையில் ஒரு செய்தியை விளக்குகிறார். நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட விடுமுறை நாட்களில் அடிமைகளை மிதமிஞ்சிக் குடிக்கும்படி எசமானர்களே தூண்டுவர். பந்தயம் கட்டியும் குடிப்பிப்பர். சுதந்திரம் என்பது இவ்வளவுதான் என்று அடிமை வெறுத்து, மீண்டும் வயலுக்குப் போவதே மேல் என எண்ணவேண்டும் என்பது அதன் நோக்கம். மதுவை ஆட்சிக் கருவியாகக் கொண்ட இத்தந்திரத்தை இதைவிடத் தெளிவாக எடுத்துக்காட்டியோர் அரியர். அத்தகைய டக்ளஸ் 1846இல் லண்டனில் நடந்த உலக மதுவிலக்கு மகாநாட்டில் எழுந்து, தம் இனத்தவருக்கு அமெரிக்க மதுவிலக்குச் சங்கங்களின் வாசல் அடைபட்டிருப்பதைச் சொன்னார். 1842 ஆகஸ்ட் 1ஆந் திகதி பிலடெல்பியாவிற் கறுப்பின மக்கள் நடத்திய மதுவிலக்கு ஊர்வலம் வெள்ளையர் கூட்டத்தால் தாக்கப்பட்டதையும், அவர்களது ஆலயமும் மண்டபமும் எரிக்கப்பட்டதையும் எடுத்துரைத்தார். அமெரிக்கப் பாதிரிமார் சிலருக்கு அது பொறுக்கவில்லை. மதுவிலக்கு மேடையில் அடிமைப் பிரச்சினையைக் கலக்கலாமா என்று சீறினர்.

வாஷிங்டன் சங்கங்கள் நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1840களின் பிற்பகுதியில் பல இடங்களில் அவை பெயரளவாயின. குடியர் அல்லாத மதுவிலக்காளரும் அரசியல்வாதிகளும் திரளாகச் சேர்ந்தனர். குடியர் தம் சங்கத்திலேயே சிறுபான்மையாயினர். கூலிக்கு உருக்கமாகப் பேசும் பேச்சாளர்கள் தோன்றினர். அவர்களுட் புகழ்பெற்ற ஜோன் கவ் என்பவர் 1845இல் மீண்டும் குடித்து நியூயோர்க்கில் அகப்பட்டபோது பத்திரிகைகள் கொண்டாடின. சட்டத்தால் மதுவை ஒழிப்பதா, மனமாற்றத்தால் ஒழிப்பதா என்ற சச்சரவு எஞ்சியதையும் பிளந்தது. ஒருவனை ஒருவன் தேடிப்போன அந்தச் சிறு வேலை இந்த ஆரவாரத்தில் மறைந்தது.

அதன்பின் சட்டத்தின் காலம். 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமுலில் இருந்தது; கள்ளக் கடத்தற்காரர் செல்வராயினர் என்பதை யாவரும் அறிவர். இலங்கையில் 1912ஆம் ஆண்டு தவறணைகளுக்கெதிராக மூண்ட கிளர்ச்சியும் கடையை நோக்கியே எழுந்தது. கடையை மூடுவது வேண்டியதே. ஆயினும் மூடிய கடையின் முன் நடுங்கும் கையோடு நிற்கின்ற மனிதனைப்பற்றிச் சட்டத்திற்கு ஒன்றும் தெரியாது.

1929இன் பங்குச் சந்தை வீழ்ச்சியில் எல்லாம் இழந்தவர்களுள் நியூயோர்க் பங்கு ஆராய்வாளர் பில் வில்சனும் ஒருவர். குடிநோயாளருக்கான தனியார் வைத்தியசாலையொன்றில் பலமுறை கிடந்தார். செலவை மைத்துனர் கொடுத்தார். கொடுக்க மைத்துனர் இல்லாதவர்கள் சிறையிலும் பைத்தியசாலையிலும் கிடந்தனர். பழைய குடித்தோழர் எபி தட்சர் ஒருநாள் குடியாத முகத்தோடு வந்து, தாம் ஒக்ஸ்போட் குழு என்ற சமய இயக்கத்தால் மீண்டதைச் சொன்னார். 1934 டிசம்பரில் வில்சன் குடியை விட்டார். பின்னர் பல மாதங்கள் குடியரைத் தேடிப்பிடித்துப் போதித்தார், ஒருவரும் திருந்தவில்லை. வைத்தியர் சில்க்வேர்த் அவரைக் கண்டித்தார்: பிரசங்கத்தை நிறுத்துக, இது உடலையும் பற்றிய நோயென்பதை முதலிற் சொல்லுக என்பது அவருடைய அறிவுரை.

1935 மே மாதம், ஒரு கம்பனியின் நிருவாகத்தைக் கைப்பற்றும் போட்டிக்காக வில்சன் ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகருக்குச் சென்றார். அக்ரன் அந்நாளில் உலகத்து இறப்பர் தலைநகர். அதன் ஆலைகளுக்குப் போன இறப்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் தமிழ்த் தொழிலாளர் வெட்டியெடுத்த பாலும் உண்டு. அடுத்த ஆண்டு அதே நகரிற் குட்இயர் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் அமெரிக்கத் தொழிற்சங்க வரலாற்றில் இடம்பெற்றது. வில்சனின் போட்டி தோற்றது. மே 11, சனிக்கிழமை மாலை, மேபிளவர் ஹோட்டலின் கூடத்தில் கையிற் சில டொலர்களுடன் தனியே நின்றார். ஒரு பக்கத்தில் மதுச்சாலையின் சிரிப்பொலி. மறுபக்கத்தில் தொலைபேசியும், நகரத்துத் தேவாலயங்களின் பெயர்ப் பட்டியலும். அப்போது அவர் தேடியது வைத்தியரையன்று, போதகரையுமன்று, இன்னொரு குடியனை. தாம் விழாதிருக்க, விழுந்து கிடக்கும் ஒருவனோடு பேசவேண்டும் என்று அவருக்குப் பட்டது. பாதிரியார் ஒருவருக்கு அழைத்தார். அவர் கொடுத்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்தார். முடிவில் ஹென்றியேற்றா சைபேர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவருக்குத் தெரிந்த குடியர் ஒருவர் இருந்தார்: சத்திரவைத்தியர் றொபேட் சிமித்.

சிமித் மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வந்தார். பதினைந்து நிமிடத்துக்குமேல் இருக்கமாட்டேன் என்ற நிபந்தனையோடு வந்தவர், இரவு பதினொரு மணி கடந்தே எழுந்தார். வில்சன் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தம் கதையையே சொன்னார். தாம் பேசுவதைத் தம் அனுபவத்தால் அறிந்திருந்த முதல் மனிதர் அவர் என்று சிமித் பிற்காலத்திற் கூறினார். வைத்திய சாஸ்திரம் கற்ற ஒருவர், தம் நோயைப்பற்றி ஒரு பங்குத் தரகரிடமிருந்து கேட்டறிந்தார் என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். சிமித் ஒருமுறை சறுக்கினார். 1935 ஜூன் 10ஆந் திகதி அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படுகிறது. அல்ககோலிக்ஸ் அனொனிமஸ், அதாவது பெயர் கூறாக் குடிநோயாளர் சங்கம், தன் பிறந்தநாளாகக் கொள்வதும் அந்நாளையே. விரைவில் இருவரும் நகர வைத்தியசாலைக்குச் சென்று, கட்டிலிற் கட்டிவைக்கப்பட்டிருந்த வழக்கறிஞர் ஒருவரைக் கண்டு பேசினர். மூவராயினர்.

அவர்களை முதலில் அடைகாத்த ஒக்ஸ்போட் குழுவைப் பற்றி ஒரு சொல். அக்ரனுக்கு அக்குழுவை 1933இல் அழைத்தவர் இறப்பர் அதிபர் பயர்ஸ்ரோன். அவருடைய மகனின் குடி தணிந்ததற்கு நன்றியாக. குழுவின் தலைவர் புக்மன் பெருந்தலைகளைப் பிடித்தால் உலகைத் திருத்தலாம் என்று நம்பியவர். 1936இல் கம்யூனிசத்துக்கு எதிரான அரணாக ஹிட்லரை வாழ்த்திப் பத்திரிகைக்குப் பேட்டியும் கொடுத்தார். நியூயோர்க் குடிநோயாளர் 1937இலேயே விலகினர். கிளீவ்லன்டில் கத்தோலிக்கருக்கு அக்குழுவோடு கூடுவது தடையாயிருந்தமையால், 1939 மே மாதம் தனியே பிரிந்து, புதிதாய் வெளியான நூலின் பெயரையே தம் கூட்டத்துக்கும் இட்டுக்கொண்டனர். அந்நூலின் பெயரிலும் ஒரு சண்டை நடந்திருந்தது. நூறு ஆண்கள் என்று பெயரிட எண்ணியிருந்தனர். கூட்டத்திலிருந்த ஒரே பெண் மறுத்தார் என்பர்.

அக்காலத்தில் ஒரு கூட்டத்தைக் கண்டுபிடிப்பதே பெருஞ் சாதனை. நூலின் கடைசியில் ஓர் அஞ்சற்பெட்டியின் இலக்கம் இருந்தது. குடியரும் அவர்தம் மனைவியரும் அதற்கு எழுதினர். ஒரேயொரு பெண் செயலாளர் பதில் எழுதினார். 1941 மார்ச் 1ஆந் திகதி சற்றர்டே ஈவினிங் போஸ்ற் பத்திரிகையில் ஜாக் அலெக்சாந்தரின் கட்டுரை வெளிவந்ததும் ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. ஏறக்குறைய 2,000 ஆக இருந்த தொகை அவ்வாண்டு முடிவில் 8,000 ஆயிற்று. தனியே ஓர் ஊரிலிருந்து எழுதியவனுக்கு, உன் ஊரிலிருந்து இன்னொருவனும் எழுதியிருக்கிறான், இருவரும் சந்தியுங்கள் என்று பதில் போயிற்று. இருவர் சேர்ந்தாற் கூட்டம். 1942இல் சன் குவென்ரின் சிறைச்சாலைக்குள்ளும் ஒரு கூட்டம் தொடங்கியது.

முதன்முறை போகிறவனுக்கு அங்கே வியப்பளிப்பது, தன்னிடம் எவரும் ஒன்றும் கேளாமையே. முழுப்பெயர் வேண்டாம், தொழில் வேண்டாம், சந்தா இல்லை. குடியை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் தம் முதற்பெயரைச் சொல்லித் தாம் குடிநோயாளர் என்கிறார். பிறகு தம் கதை. குறுக்கே எவரும் புத்தி சொல்வதில்லை. கோப்பி சுற்றிவருகிறது, ஒரு தொப்பியும் சுற்றிவருகிறது, விரும்பியோர் காசிடுவர். பேசாமல் இருந்துவிட்டுப் போகலாம். திரும்பி வரும்படி மட்டும் சொல்வர்.

இந்த எளிமை தற்செயலாய் வந்ததன்று. கோடீசுவரர் றொக்பெல்லரிடம் பெரும் பணம் கேட்டபோது, அவர் 1938இல் 5,000 டொலர் மட்டும் கொடுத்து, பணம் இதனைக் கெடுத்துவிடும் என்றார். அவருடைய கருமித்தனமும் சில வேளை நன்மை செய்தது போலும். வெளிப்பணம் வாங்குவதில்லை, பதவி ஆட்சி இல்லை, வெளி விவகாரங்களிற் கருத்தில்லை, பத்திரிகைகளிற் பெயரில்லை என்னும் பன்னிரண்டு மரபுகள் 1946இல் வெளியாகி, 1950இல் கிளீவ்லன்ட் மகாநாட்டில் ஏற்கப்பட்டன. வாஷிங்டன் சங்கங்களின் அழிவை வில்சன் அறிந்திருந்தார். அவ்வனுபவத்தைத் தம் தோழர்க்கு எச்சரிக்கையாகவும் எழுதினார். முறையின் பயனை ஆய்வும் பின்னர் உறுதிசெய்தது. 2020இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, 10,000இற்கு மேற்பட்டோர் பங்குபற்றிய 27 ஆய்வுகளைப் பரிசீலித்து, இடையறாது குடியாதிருப்பதில் இச்சங்க வழியோடு இணைத்துவிடும் சிகிச்சை பிற சிகிச்சைகளிலும் மேலான பயன் தருகிறதென்று கண்டது.

எனினும் வெளி விவகாரங்களிற் கருத்தில்லை என்ற மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. வடிசாலை முதலாளியைப் பற்றி இச்சங்கம் வாய் திறப்பதில்லை. வேலையின்மையும் வறுமையும் ஒருவனைத் தவறணைக்குத் தள்ளுவதை அது விசாரிப்பதில்லை. உன்னுள்ளே பார் என்கிறது. முற்போக்காளர் இதனைக் குறையென்பர், குறையே. ஆனால் எல்லாவற்றையும் பற்றிப் பேசிய வாஷிங்டன் சங்கத்தினர் பத்தாண்டில் மறைந்தனர் என்பதையும் நாம் மறைக்கவியலாது. இம்முரண்பாட்டுக்கு எளிய தீர்வு எனக்குத் தென்படவில்லை. மௌனத்தைவிடக் கொடியது மற்றொன்று: ஒவ்வொரு கூட்டமும் தன் காரியத்திற் சுதந்திரமுடையது என்ற மரபு, வெள்ளையர் கூட்டங்கள் கறுப்பினத்தவருக்கு வாசலை அடைப்பதற்கும் மறைப்பாயிற்று. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி என்று எழுதிய கைகளே, பல நகரங்களில் தோலின் நிறத்தையும் பார்த்தன.

பெண்கள் வாசலைத் தள்ளித் திறந்தனர். 1939இல் புறூக்கிளினில் வில்சனின் வீட்டுக் கூட்டத்துக்கு வந்த மார்ட்டி மான், 1944இல் குடிநோய்க் கல்விக்கான தேசியக் குழுவை நிறுவினார். 1951இல் லொயிஸ் வில்சன் குடிநோயாளரின் மனைவியருக்கெனவும் குடும்பத்தினர்க்கெனவும் அல்-அனொன் அமைப்பை உருவாக்கினார். சமையலறையிற் கோப்பி ஆற்றிக்கொண்டு காத்திருந்த பெண்களுக்கும் சொல்லக் கதை இருந்தது. கறுப்பினத்தவர் தமக்கெனக் கூட்டங்களை அமைத்தனர். 1945 ஜனவரியில் சென் லூயிஸ் நகரிலும், அவ்வாண்டிலேயே தலைநகர் வாஷிங்டனிலும் அவை தொடங்கின. தலைநகரத்துக் கூட்டத்தைத் தொடங்கியோருள் ஜிம் என்ற கறுப்பின வைத்தியர் ஒருவர். கிராமத்து வைத்தியர் ஒருவரின் மகன். குடியால் மனைவியையும் தொழிலையும் இழந்தவர். அவருக்கு வழிகாட்டியவர் சார்ளி என்ற வெள்ளையர். இருவரையும் சந்திக்கச் செய்தவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. வாடகைக்கு எடுத்த சிற்றறையில் ஒருசிலராய்க் கூடினர். 1955இல் சங்க நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தபோது, வில்சனும் சிமித்தும் இருந்த அதே புத்தகத்தில் ஜிம்மின் கதையும் அச்சாயிற்று, அவருடைய சொற்களிலேயே.